தெற்கே போக வேண்டிய ஊசி

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் போய் இன்சுலின் சிரிஞ்சு கேளுங்கள். கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். "நாற்பதா, நூறா?" என்று கேட்பார். ஒரு மில்லியில் 40 யூனிட் இன்சுலின் இருக்கும் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. 100 யூனிட் இருக்கும் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் தேவையைப்போல இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும், இல்லையென்றால் பாதிகூடப் போகாது. அதனால்தான் இத்தனை விசாரிப்பு.

வாங்கும்போது இவ்வளவு கேட்டு வாங்கும் பொருளை, போட்டு முடித்த பிறகு எங்கே வைப்பது என்று கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. சிவப்பு மூடி போட்ட ஒரு சிரிஞ்சைப் பிறந்த இடத்திலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்தால், நடுவில் எந்த இடத்தில் அது வழி தவறுகிறது என்பது தெரிந்துவிடும்.

பிறப்பு

இந்தியாவில் விற்கும் இன்சுலின் சிரிஞ்சின் பிறந்த ஊர் பெரும்பாலும் ஹரியானாவாக இருக்கும். 'டிஸ்போவேன்' என்ற பெயரைப் பார்க்காத மருந்துக்கடை இல்லை. அதைச் செய்யும் ஹிந்துஸ்தான் சிரிஞ்சஸ் நிறுவனம் 1957-ல் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகள் ஃபரீதாபாத், பல்லப்கட் பக்கம் இருக்கின்றன. அமெரிக்க நிறுவனமான பெக்டன் டிக்கின்சனின் இந்தியத் தொழிற்சாலையும் அதே மாநிலத்தில்தான், பாவல் என்ற ஊரில் இருக்கிறது.

ஊசியின் தொடக்கம் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதைச் சுருட்டிக் குழாயாக்கி, சேரும் இடத்தைப் பற்றவைக்கிறார்கள். பிறகு அந்தக் குழாயை ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியே இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு துளையைத் தாண்டும்போதும் குழாய் மெலிந்து நீளும். கடைசியில் வெளிவிட்டம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் ஆகும்போது நிறுத்துகிறார்கள். இதைத்தான் '31 கேஜ்' என்கிறார்கள். கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும். முனையை மூன்று கோணங்களில் சாணைபிடித்துச் சீவுகிறார்கள். தோலில் வழுக்கிக்கொண்டு இறங்க சிலிகான் பூச்சு தருகிறார்கள்.

உடம்புப் பகுதி பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். கோடுகளும் எண்களும் அதன்மேல் அச்சாகின்றன. உள்ளே தள்ளும் தண்டின் நுனியில் சிறு ரப்பர் வளையம். மற்ற சிரிஞ்சுகளில் ஊசியைக் கழற்றி எடுக்கலாம். இன்சுலின் சிரிஞ்சில் பெரும்பாலும் முடியாது. மருந்து ஒரு துளிகூட இடுக்கில் தங்கி வீணாகக் கூடாது என்பதற்காக ஊசியைப் பிளாஸ்டிக்கோடு ஒட்டியே விடுகிறார்கள். போட்டுக்கொள்பவருக்கு இது வசதி. குப்பையில் இந்த வசதியே சிக்கலாகிறது. எஃகையும் பிளாஸ்டிக்கையும் யாரும் கையால் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது.

கடைசியாக எத்திலீன் ஆக்ஸைடு வாயுவில் வைத்துக் கிருமி நீக்கி, உறையிட்டு, பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். அந்த நிமிடத்தில் ஒரு வீட்டுக்குள் வரப்போகும் பொருள்களிலேயே மிகச் சுத்தமானது அதுதான்.

பத்து விநாடி வேலை

ஸ்கந்தகிரி முருகன் கோயிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி பத்மாராவ் நகர். அங்கே ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் இட்லிக்கு அரை மணி முன்பு ஒன்று, இரவில் சப்பாத்திக்கு முன்பு ஒன்று. குளிர்ப்பெட்டிக் கதவில் இருக்கும் பாட்டிலை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டுவார். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடிப்பார். ஊசி உள்ளே போகும், தண்டு இறங்கும், மனசுக்குள் பத்து எண்ணுவார், வெளியே இழுத்துவிடுவார். ஹரியானாவில் அத்தனை இயந்திரங்கள் உழைத்துச் செய்த பொருளின் வேலை அத்தோடு முடிந்தது.

ஒவ்வொரு முறையும் புதிது எடுத்தால் ஒருவருக்கே ஆண்டுக்கு 730 ஊசிகள். நடைமுறையில் பலரும் ஒரே ஊசியை நாலைந்து நாள் ஓட்டுவார்கள். காசு ஒரு காரணம். 'நமக்கு நாமே போட்டுக்கொள்வதுதானே' என்ற நினைப்பு இன்னொரு காரணம். ஆனால் கால் மில்லிமீட்டர் எஃகின் முனை ஒரு தடவை போட்டாலே மழுங்கத் தொடங்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் கொக்கிபோல் வளைந்து தெரியும். வலியும் தோல் தடிப்பதும் அதனால்தான் வருகின்றன. ஒரு முறைக்கு ஒரு ஊசி என்று மருத்துவர்கள் சொல்வது சரி. அந்தச் சொல்லைக் கேட்டு எல்லோரும் நடந்தால் வீட்டுக்கு வீடு குவியும் ஊசிகளின் எண்ணிக்கை பல மடங்காகும் என்பதும் சரி. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. இன்சுலின் போடுபவர்கள் அதில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியே போதும்.

இந்தக் குவியல் எப்போதும் இருந்ததில்லை. 1922 ஜனவரி 11 அன்று டொரான்டோவில் லெனர்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டது கண்ணாடிச் சிரிஞ்சில். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு வீடுகளில் கண்ணாடிச் சிரிஞ்சுதான். எஃகு டப்பாவில் போட்டுக் கொதிக்கவைத்து, ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டி, ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். குப்பைக்குப் போகும் பேச்சே இல்லை. நியூசிலாந்தின் காலின் முர்டோக் 1956-ல் பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு காட்சி மாறியது. எய்ட்ஸ் பயம் 1980-களில் வந்தபோது, போட்டவுடன் எறிவதே சரி என்று உலகம் முடிவெடுத்தது. ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகாமல் காப்பாற்றிய முடிவு அது. எறிவது எங்கே என்ற கேள்வி மட்டும் பின்தங்கிவிட்டது.

இப்போது பாட்டியின் கையில் அந்த ஊசி இருக்கிறது. சமையலறை ஓரத்தில் நீலக் குப்பைக்கூடை. மருமகள் கேட்கிறாள்: "அம்மா, அப்படியேவா போடறீங்க?"

"மூடி போட்டாச்சு. இனிமே யாரைக் குத்தப்போறது?"

இங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று நகரத்துக்குத் தெற்கே போகிறது. இன்னொன்று வடகிழக்கே.

தெற்குப் பாதை

பாட்டி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் காந்தி மருத்துவமனை. அங்கே இதே சிவப்பு மூடி ஊசியை ஒரு செவிலியர் போட்டிருந்தால் அதன் தலையெழுத்து வேறு. 2016 மார்ச் 28 அன்று மத்திய அரசு வெளியிட்ட உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் அதற்கு ஒவ்வோர் அடியிலும் வழிசொல்கின்றன.

முதலில் நிறம். உடல் பாகங்கள், ரத்தம் தோய்ந்த பஞ்சு போன்றவை மஞ்சள் பைக்கு. ட்யூப், ஊசி நீக்கிய சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு. கண்ணாடி நீலப் பெட்டிக்கு. ஊசி, பிளேடு, ஊசி ஒட்டிய சிரிஞ்சு என எதெல்லாம் குத்துமோ வெட்டுமோ அதெல்லாம் வெள்ளைப் பெட்டிக்கு. அந்தப் பெட்டி துளைபடாததாக, கசியாததாக, யாரும் திறந்துபார்க்க முடியாததாக இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியே தெரியும்படி மங்கலாக ஒளி ஊடுருவ வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். முழுக்க நிறையவிட்டு அழுத்தித் திணிக்கும்போதுதான் கை குத்துப்படும்.

பிறகு பார்கோடு. எந்த மருத்துவமனை, எந்த நாள் என்பது பையோடும் பெட்டியோடும் கூடவே போகும். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மருத்துவமனை தானே எரிக்கவோ அவிக்கவோ கூடாது, அங்கேதான் அனுப்ப வேண்டும். இப்படிப்பட்ட பொது நிலையங்களை இந்தியாவில் முதலில் அமைத்த நகரங்களில் ஹைதராபாத்தும் ஒன்று. ஜி.ஜே. மல்டிகிளேவ் நிறுவனத்தின் நிலையம் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஷம்ஷாபாத்தையும் தாண்டி, கொத்தூர் பக்கம் இருக்கிறது. மஞ்சள் வண்டிகள் மருத்துவமனை மருத்துவமனையாக நின்று எடுத்துக்கொண்டு போவது இப்படிப்பட்ட நிலையங்களுக்குத்தான்.

அங்கே வெள்ளைப் பெட்டி ஆட்டோகிளேவுக்குள் போகிறது. அழுத்தமான நீராவி அடைத்த பெரிய இரும்புக்கலம் அது. 121 டிகிரி சூடு, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 60 நிமிடம். சூட்டை 135 டிகிரிக்கும் அழுத்தத்தை 31 பவுண்டுக்கும் ஏற்றினால் 45 நிமிடம் போதும். கிருமி செத்ததா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெந்நீர் ஊற்றுகளில்கூடப் பிழைக்கும் ஜியோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்களைச் சிறு குப்பியில் உள்ளே வைத்து அவிக்கிறார்கள். அவையே செத்துவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி.யோ பிழைத்திருக்க வழியில்லை.

அவித்த ஊசியை அரைவை இயந்திரம் துண்டாக்குகிறது, அல்லது உலோகப் பெட்டியிலோ சிமென்ட் கான்கிரீட்டிலோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். அதன்பின் விதி மூன்று முடிவுகளைச் சொல்கிறது: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற இரும்பு வார்ப்பாலை, பாதுகாப்பான நிலநிரப்பல் தளம், அல்லது ஊசிகளுக்கென்றே கட்டிய கான்கிரீட் குழி. வார்ப்பாலைக்குப் போகும் எஃகு உருகி வேறொரு வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்த ஊசிக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது.

வடகிழக்குப் பாதை

பாட்டி கூடையில் போட்ட ஊசிக்குப் பார்கோடு கிடையாது.

2015-ல் ஹைதராபாத் மாநகராட்சி வீடுகளுக்கெல்லாம் இரண்டு கூடைகள் கொடுத்தது. ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர்ந்த குப்பைக்கு நீலம். மொத்தம் 44 லட்சம் கூடைகள். அதே ஆண்டில் 'ஸ்வச்ச ஆட்டோ' என்ற குப்பை வண்டிகளும் தெருவுக்கு வந்தன. அன்றிலிருந்து காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் அந்த வண்டியில் ஓட்டுபவரும் கூட ஒருவரும் இருப்பார்கள். பல வண்டிகளில் புருஷன் பெண்சாதியாகவே வேலை செய்கிறார்கள். கூடையைக் கவிழ்த்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை பிரிப்பது. பால் கவர், அட்டை, தண்ணீர் பாட்டில், பழைய செருப்பு என்று காயலான் கடையில் விலை போவதைக் கையாலேயே எடுத்துத் தனிச் சாக்கில் போடுவார்கள். வீடு வீடாகக் கிடைக்கும் மாதக் காசோடு இதில் வருவதும் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும். நகரத்தில் மறுசுழற்சி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்தக் கைகள் செய்வது. ஊசி முதலில் குத்துவதும் இந்தக் கைகளைத்தான்.

பாட்டி போட்ட மூடி? விரலால் அழுத்திச் செருகிய பிளாஸ்டிக் தொப்பி அது. கவரை உதறும்போது கழன்றுகொள்ளும். இங்கே தப்பினாலும், ஆட்டோக்கள் குப்பையை இறக்கும் மாற்று நிலையத்தில் அதை நெருக்கி அமுக்கும் இயந்திரத்தில் பிளாஸ்டிக் நசுங்கும், எஃகு வெளியே நீட்டிக்கொள்ளும். அங்கிருந்து லாரி வடகிழக்கே ஜவஹர்நகர் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. ஏறக்குறைய 340 ஏக்கர் பரப்பில் நகரத்தின் குப்பை பல ஆண்டுகளாகக் குவிந்த இடம் அது. இப்போது அங்கே குப்பையைச் சலித்து உரம் செய்கிறார்கள். 2020-லிருந்து எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். நம் ஊசி உரத்தோடு கலந்து ஒரு தோட்டத்துக்குப் போகலாம், உலைச் சாம்பலில் கருகிக் கிடக்கலாம், மண்ணுக்கடியில் அப்படியே இருக்கலாம். எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

குத்துப்பட்டால் என்ன ஆகும்? ரத்தத்தில் கிருமி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால் ஹெபடைடிஸ்-பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. ஹெபடைடிஸ்-சி என்றால் நூற்றுக்கு இரண்டு போல. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று. இவை மருத்துவமனைப் பணியாளர்களை வைத்துச் சொல்லும் கணக்கு. இன்சுலின் ஊசி தோலுக்கடியில் கொழுப்பில் இறங்குவது. அதில் ஒட்டும் ரத்தம் மிகக் குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு. ஆனால் ஹெபடைடிஸ்-பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். மருத்துவமனையில் குத்துப்பட்ட செவிலியருக்கு அது எந்த நோயாளியின் ஊசி என்று தெரியும், அவர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம். ஆட்டோவில் குத்துப்பட்டவருக்கு அது யாருடைய ஊசி என்பது எந்நாளும் தெரியப்போவதில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அலைய வேண்டும். அலையும் ஒவ்வொரு நாளும் கூலி போகும்.

இதில் ஹைதராபாத்துக்கென்று ஒரு தனிச் சேதி உண்டு. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை இந்தியாவிலேயே முதலில் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்தது இந்த ஊர்தான். வரப்பிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் 'ஷான்வாக்-பி'யைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு ஊசி பணக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த விலையை அது உடைத்தது. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை போட்டால் போதும். மருத்துவக் கழிவைத் தொடும் பணியாளர்களுக்கு இதைப் போட வேண்டும் என்று 2016 விதியே சொல்கிறது. வீட்டு வாசலில் அதே ஊசியைத் தொடும் ஆட்டோக்காரர்களுக்கும் போட்டாக வேண்டும் என்று கேட்பதற்கு இந்த நகரத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

வழிதவறும் ஊசி மறுபடி மனித உடலுக்குள்ளேயே போவதும் உண்டு. 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் ஹெபடைடிஸ்-பி பரவிப் பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சையே அடுத்தவருக்கும் போட்டதை அப்போது நடந்த விசாரணை வெளியே கொண்டுவந்தது. பழைய சிரிஞ்சுகள் காயலான் சந்தை வழியே கைமாறுவதும் அப்போது நடந்த சோதனைகளில் தெரிந்தது. கழிவு ஊசியை உருத்தெரியாமல் சிதைக்க வேண்டும் என்று விதி வலியுறுத்துவது இப்படிக் கைமாறுவதைத் தடுக்கத்தான்.

பாதை எங்கே அறுபட்டது

வீட்டு ஊசிக்குச் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு, இரண்டு இடத்தில் உண்டு. மருத்துவக் கழிவு விதிகளுக்குப் பதினொரு நாள் கழித்து, 2016 ஏப்ரல் 8 அன்று, திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. அவை குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. மூன்றாவதின் பட்டியலில் பெயின்ட் டப்பா, ட்யூப்லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை ஆகியவற்றோடு பயன்படுத்திய ஊசியும் சிரிஞ்சும் பெயரோடு இருந்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் உள்ளாட்சி இதற்குச் சேகரிப்பு மையம் அமைத்து, எப்போது திறந்திருக்கும் என்று அறிவிக்க வேண்டும் என்றும் அவை சொல்லின. விதி வந்தபோது ஹைதராபாத் மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 650 சதுர கிலோமீட்டர். கணக்குப்படி 33 மையங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மையம் எது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், நிலவரம் புரியும்.

மருத்துவக் கழிவு விதிகளும் வீட்டை விட்டுவிடவில்லை. வீட்டில் சிகிச்சையால் உண்டாகும் கழிவைத் தனிப் பையிலோ பெட்டியிலோ போட்டு மாநகராட்சிப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். மாநகராட்சி பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் செய்து, தன் பிரிப்பு மையத்திலிருந்தோ நேரே வீட்டிலிருந்தோ அதை எடுக்க வைக்க வேண்டும். அதாவது பத்மாராவ் நகர் சமையலறையிலிருந்து கொத்தூர் ஆட்டோகிளேவ்வரை முழுப் பாதையும் தாளில் போட்டாயிற்று. 2026-ல் வந்த புதிய திடக்கழிவு விதிகள் குப்பையின் மூன்று வகைகளை நான்காக்கி, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று ஒரு வகையையே ஒதுக்கியிருக்கின்றன.

பாதையின் நீளமான பகுதிகளில் குறையில்லை. வண்டி இருக்கிறது, கலம் இருக்கிறது, வார்ப்பாலை இருக்கிறது. பாட்டி வீட்டுத் தெருமுனைக் கிளினிக்குக்கு அந்த மஞ்சள் வண்டி வந்து போய்க்கொண்டும் இருக்கிறது. படுக்கை வசதி இல்லாத சின்னக் கிளினிக்கும் பொது நிலையத்தோடு சேர்ந்தே ஆக வேண்டும் என்பதால், நகரத்தில் அநேகமாக எல்லாத் தெருவுக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. அறுபட்டிருப்பது வீட்டு வாசலுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் உள்ள நூறு இருநூறு அடிதான்.

நூறு அடிக்குப் பாலம்

வீட்டில் செய்ய வேண்டியது சிரமமான காரியம் இல்லை. துணி துவைக்கும் லிக்விட் வரும் கனமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை ஊசிக்கென்று ஒதுக்குங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம். ஊசி அதைத் துளைக்கும் என்பது ஒரு காரணம். அதற்குக் காயலான் கடையில் நல்ல விலை உண்டு என்பது இன்னொன்று. யாராவது அதைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொள்வார்கள். போட்ட கையோடு ஊசியை நேரே டப்பாவுக்குள் விடுங்கள். வளைப்பது, உடைப்பது, கையால் கழற்றுவது எதுவும் வேண்டாம். பேனா ஊசி என்றால் அதன் வெளி மூடியால் திருகிக் கழற்றி உள்ளே போடுங்கள். சர்க்கரை பார்க்கும் லான்செட்டும் இதே டப்பாவுக்குத்தான். முக்கால் நிறைந்ததும் மூடியை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள், யாரும் திறக்க முடியாது. நாலு பக்கமும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தெலுங்கில் 'சூதுலு', உருதுவிலும் இந்தியிலும் 'சூயீ'. எழுதப் படிக்காதவருக்கும் புரிய ஓர் ஊசிப் படமும் சிவப்புப் பெருக்கல் குறியும் போதும். புனேயில் ஸ்வச் என்ற குப்பை சேகரிப்போர் கூட்டுறவு இதே யுக்தியைத்தான் கையாண்டது. சானிட்டரி நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டது. புள்ளியைப் பார்த்ததும் கை எச்சரிக்கையாகிவிடும்.

டப்பாவை யாரிடம் கொடுப்பது? உங்கள் டாக்டரின் கிளினிக்கிலோ ரத்தம் எடுக்கும் லேபிலோ முதலில் கேளுங்கள். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஒப்புக்கொண்டால், தங்கள் வெள்ளைப் பெட்டியை எந்த நிலையத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆட்டோக்காரரின் கையில் கொடுத்து, இது ஊசி என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். கூடைக்குள் மற்றதோடு போடாதீர்கள். யாருக்காவது குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள், செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் பாட்டியின் பொறுப்புணர்வை மட்டும் நம்பி ஒரு நகரத்தை நடத்த முடியாது. பிரான்சில் ஊசி செய்யும் நிறுவனங்களின் காசில் 'தஸ்த்ரி' என்ற அமைப்பு ஓடுகிறது. நோயாளி மருந்துக்கடையில் இலவசமாக மஞ்சள் பெட்டி வாங்கிக்கொண்டு, நிறைந்ததும் திருப்பித் தருகிறார். கலிஃபோர்னியா 2008 செப்டம்பரிலிருந்து வீட்டு ஊசியைக் குப்பையில் போடுவதைத் தடைசெய்தது. 2018-ல் இன்னொரு சட்டம் போட்டு, திரும்ப எடுக்கும் செலவைத் தயாரிப்பவர்கள் தலையில் வைத்தது. லண்டனில் சர்க்கரை நோயோடு இருக்கும் நம் உறவுக்காரர்களைக் கேட்டால், இன்சுலினோடு மஞ்சள் டப்பாவையும் டாக்டரே எழுதிக்கொடுப்பதைச் சொல்வார்கள். நம் பக்கத்திலேயே கொச்சியில் 'ஆக்ரி' என்ற செயலியில் பதிந்தால் வீட்டு மருத்துவக் கழிவை வந்து எடுத்துப் போகிறார்கள், அதற்குக் கட்டணம் உண்டு.

ஹைதராபாத்துக்கு எது தோது? பிளாஸ்டிக் உறைக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்தவரே பொறுப்பு என்று இந்தியச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. ஊசிக்கு அதை நீட்டிப்பது பெரிய தாவல் இல்லை. அதுவரை காத்திருக்காமல் குடியிருப்போர் சங்கங்கள் இன்றே ஒன்று செய்யலாம். பத்மாராவ் நகரில் ஓர் அடுக்குமாடியில் நாற்பது வீடு இருந்தால், சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் சிலர் இருக்கக்கூடும். காவலாளி அறையில் பூட்டிய வெள்ளைப் பெட்டி ஒன்று வைத்து, மாதம் ஒரு முறை பொது நிலையத்தின் வண்டி வந்து எடுக்க ஏற்பாடு கேட்டு, வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். வீட்டிலிருந்தே நேரடியாக எடுக்கலாம் என்ற 2016 மருத்துவக் கழிவு விதியின் வரியை அதில் அப்படியே சேருங்கள். கூடவே, உங்கள் தெருவுக்கு வரும் ஸ்வச்ச ஆட்டோவில் வேலை செய்யும் இருவருக்கும் மூன்று தவணை தடுப்பூசி போட்டாயிற்றா என்ற கேள்வியையும் எழுதுங்கள். முதலாவதற்குப் பதில் வர நாளாகலாம். இரண்டாவதற்கு நாளாக வேண்டிய அவசியமே இல்லை. மருந்து இந்த ஊரில் செய்ததுதான்.